கீழ்வீட்டுக்கும் கேட்ட ஜெபம்

அன்று மாலை நான்கு பத்துக்கு ஸ்கூல் வேன் டிரைவர் போன் செய்தார். காலையிலிருந்து விடாத மழை. கரியாஹாட்டில் எஞ்சினுக்குள் தண்ணீர் போய் வேன் நின்றுவிட்டது, பிள்ளைகளை ஒரு மெடிக்கல் ஷாப் படியில் ஏற்றி நிறுத்தியிருக்கிறேன், வந்து கூட்டிப்போங்கள் என்றார். அத்தோடு அவர் போன் அணைந்துவிட்டது.

என் மகள் ஜெனிக்கு ஏழு வயது. கணவர் ஹவுராவில் ஆபீசில் மாட்டிக்கொண்டார். பாலிகஞ்சில் எங்கள் மாடிப்படி இறங்கி கேட்டைத் திறந்தேன். தண்ணீர் இடுப்புக்கு வந்தது. பயந்து திரும்பி ஏறிவிட்டேன். பெற்றவளுக்கு இதைச் சபையில் சொல்ல வெட்கம்தான்.

மேஜைமேல் என் ஞாயிறு பேச்சுக்கான குறிப்பு கிடந்தது. புதிய ஏற்பாட்டில் அன்புக்கு வரும் கிரேக்கச் சொல் அகாபே. ‘பிடித்தவரிடம் தானாக வருவதல்ல, பிடிக்காதவருக்கும் நன்மை செய்வது’ என்று எழுதி, அடியில் இரண்டு கோடும் போட்டிருந்தேன். அதே தாளின் பின்பக்கம், கீழ்வீட்டு முகர்ஜி பாபுமேல் ஃபிளாட் செக்ரட்டரிக்கு ஒரு புகார். நான் ஜெபித்தால் அவர் குடைக்கம்பால் சீலிங்கைத் தட்டுவார். “உங்க கடவுளுக்குக் காது மந்தமா?” என்று படியில் வைத்துக் கேட்டவர். எட்டு மாதமாகப் பேச்சில்லை.

சபையாருக்குப் போன் செய்தேன். “ஜெபிக்கிறோம் அக்கா” என்றார்கள், எல்லாருமே. நானும் முழங்காலில் விழுந்து கதறினேன். ஜெனி, ஸ்கூல் வேன், கரியாஹாட், மெடிக்கல் ஷாப் என்று ஆண்டவருக்கு முழு விலாசமும் கொடுத்தேன். யாரை அனுப்பலாம் என்றும் சொன்னேன்: பாஸ்டர், சாமுவேல் அண்ணன், தீயணைப்புப் படை. கீழிருந்து அன்று தட்டலே வரவில்லை. அது அப்புறம்தான் எனக்கு உறைத்தது.

ஆண்டவருக்கு நன்றி சொல்லி முடியவில்லை. நீங்களும் துணிந்து கேளுங்கள். ஆனால் யாரை அனுப்புவது என்பதை அவரிடமே விட்டுவிடுங்கள். புகாரைக் கிழித்தேன், குறிப்பும் சேர்ந்தே போனது. கீழ்வீட்டாரின் மதியத் தூக்க நேரத்தில் இப்போதெல்லாம் மெல்லத்தான் ஜெபிக்கிறேன்.

அன்று ஐந்தரைக்குத் தட்டல் கேட்டது. அதே குடைக்கம்பு. ஆனால் கீழிருந்து அல்ல, என் கதவில். நெஞ்சுவரை நனைந்து முகர்ஜி பாபு நின்றார். அவர் தோளில் ஜெனி. தமிழ் தெரியாத அவர் வங்காளத்தில்தான் சொன்னார்:

“உங்க கடவுளுக்குக் கேட்டுச்சோ என்னவோ, ஸ்கூல் வேனும் கரியாஹாட்டும் எனக்குக் கேட்டுச்சு. உங்களை எனக்கு இன்னும் பிடிக்காது. பிள்ளைக்கு வெந்நீர் வைங்க. எனக்கு டீ, சர்க்கரை இல்லாம.”