பீரங்கிச் சத்தம்

துறைமுகத்துக்குக் கன்டெய்னர் லாரி ஓட்டிக் களைத்து வரும் எனக்கு ரிமோட்டில் ஓடும் பொம்மை டாங்கிதான் ஆறுதல். பழையது ஒன்றை வாங்கி, உள்ளே ஸ்பீக்கர் வைத்து, நிஜப் பீரங்கிபோல் வெடிச்சத்தம் கேட்கும்படி மாற்றினேன். எர்ணாவூர் குடியிருப்பு வராந்தாவில் அதை ஓட்டிப் பார்த்தபோது, எதிர்வீட்டு அக்கா குடத்தைப் போட்டுவிட்டுத் தரையில் குப்புற விழுந்தார். இலங்கையிலிருந்து வந்தவர்.

"யக்கா, பொம்மைக்கா இது! இன்னாத்துக்குப் பயப்படுற?"

"பொம்மை எண்டு எனக்குத் தெரியும் தம்பி. உடம்புக்குத்தான் தெரியேல்லை."

அங்கேயே உட்கார்ந்து ஸ்பீக்கரைக் கழற்றினேன். அவர் நனைந்த சேலையோடு எழுந்து வந்து ரிமோட்டைக் கேட்டு வாங்கினார். டாங்கியைத் தன் வாசலிலிருந்து மெல்லப் பின்னால் ஓட்டி, வராந்தாவின் கடைசிச் சுவரில் முட்டி நிறுத்தினார்.

"இப்ப சரி" என்று ரிமோட்டைத் திருப்பித் தந்தார்.

இன்றும் டாங்கி வாங்கி மாற்றுகிறேன். சத்தம் மட்டும் வைப்பதில்லை. அதை நிஜமாகக் கேட்டவர் எதிர்வீட்டிலேயே இருந்தும், அந்தச் சத்தம் அவரை என்ன செய்யும் என்று எனக்கு அதுவரை தோன்றவே இல்லை.