அத்தை பழையபடி ஆனார்

என் மாமியாருக்கு நான் சமைத்தது எதுவும் ஆகாது. கல்யாணமாகிப் பல்லடத்துக்கு வந்த நாளிலிருந்தே அப்படித்தான். நான் குழம்பை இறக்கியதும் உள்ளங்கையில் ஒரு சொட்டு விட்டு நக்கிப் பார்ப்பார். ஒரு வார்த்தை பேசமாட்டார். வடசட்டியை எடுத்து அடுப்பில் வைத்து, மகனுக்கென்று தனியாக இன்னொரு குழம்பு வைப்பார். அந்த உத்தமரும் அதைத்தான் ஊற்றிக்கொள்வார். திட்டியிருந்தால்கூட நானும் நாலு வார்த்தை திருப்பிக் கொடுத்திருப்பேன். சத்தமில்லாமல் செருப்பால் அடித்தால் என்னத்தைச் சொல்வது?

போன வருஷம் அத்தைக்குப் பக்கவாதம் வந்து வலது கையும் பேச்சும் போயின. கோயமுத்தூர் ஆஸ்பத்திரியில் டாக்டர் என்னிடம்தான் சொன்னார், இது திரும்ப வரக்கூடும், ஜாக்கிரதையாகப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று. அந்தப் பயத்திலேயே பார்த்தேன். குழையப் பிசைந்து ஊட்டினேன். பீ மூத்திரம் அள்ளினேன். கண்ணாடி முன் உட்காரவைத்து ஆ, ஈ என்று வாயைத் திறக்கப் பழக்கினேன். முதலில் வந்த வார்த்தை "கண்ணு". என்னைப் பார்த்துத்தான் சொன்னார். எனக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது. அத்தனை வருஷ வெறுப்பும் எங்கே போய்த் தொலைந்ததோ, அந்தக் கிழவி மேல் எனக்கு நிஜமாகவே பாசம் வந்துவிட்டது. வேறு வழியில்லாமல் என் குழம்பையே சாப்பிட்டு வந்த கணவர், நன்றாயிருக்கிறதென்றுகூட ஒருநாள் சொன்னார்.

மெல்ல மெல்லக் கை எழுந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை வெள்ளகோவிலிலிருந்து நாத்தனார் வந்திருந்தாள். கோழிக்குழம்பு வைத்து இறக்கியிருந்தேன். சுவரைப் பிடித்துக்கொண்டு அத்தை சமையலறைக்குள் வந்தார். உள்ளங்கையில் ஒரு சொட்டு விட்டு நக்கினார். அப்புறம் வடசட்டியை எடுத்தார்.

கணவர், அம்மா பழையபடி ஆகிவிட்டார்கள் என்று சொந்தக்காரர்களுக்கெல்லாம் போன் போட்டுச் சந்தோஷப்பட்டுக்கொண்டிருந்தார். உடம்பு எப்படி இருக்கிறதென்று நாத்தனார் அம்மாவிடம் கேட்டாள். அத்தை கிண்டிக்கொண்டே, கொஞ்சமும் குழறாமல் சொன்னார்.

"இத்தன மாசமா இவ ஆக்கிப் போட்டதத் தின்னு நாக்கே செத்துப்போச்சு சாமி."

மகள் சிரித்தாள். சாப்பாட்டு மேஜையில் என் குழம்பைத் தள்ளிவைத்துவிட்டுக் காத்திருந்த மகனும் சிரித்தார்.

நான் துவைத்த துணி வாளியை எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போனேன். கொதிக்கிற வடசட்டியைத் தூக்க அத்தைக்கு இன்னும் கையில் வலு கிடையாது. அது எனக்குத் தெரியும். வந்து இறக்கச் சொல்லி உள்ளேயிருந்து கூப்பிட்டார். மறுபடியும் கூப்பிட்டார். அடிப்பிடிக்கிற வாசம் வந்தது. பழைய வெறுப்பு முழுசாக வந்து என்னோடு நின்றது. எனக்கு வெட்கமாக இல்லை, நிம்மதியாகத்தான் இருந்தது.

கணவர் வாசலுக்கு வந்து, காதில் விழவில்லையா என்றார்.

"விழுகுதுங்க," என்றேன், போர்வையை உதறிக் கொடியில் போட்டபடி. "அத்தைதான் பழையபடி ஆயிட்டாங்களே, அவங்களே எறக்கிக்குவாங்க."