ஒரே பெயர் உள்ள வருகைப் பதிவேடு

நான் தலைமையாசிரியராக இருந்த தொடக்கப் பள்ளியை மூடியபோது அதில் ஒரு மாணவியும் ஓர் ஆசிரியரும் இருந்தோம். ஆசிரியர் நான்தான். மதிய உணவு சமைக்க ஓர் அக்கா இருந்தார். அந்த ஜூன் மாதம் முழுக்க நாங்கள் மூன்று பேரும் நின்றால்தான் காலை வணக்கக் கூட்டம் என்று சொல்லிக்கொள்ள முடிந்தது. மாணவி தமிழ்த்தாய் வாழ்த்துப் பாடுவாள். சமையலக்கா அடுப்படி வாசலில் கரண்டியோடு விறைப்பாக நிற்பார். பிறகு வகுப்புக்குப் போய், பதிவேட்டைத் திறந்து, அவள் பெயரைக் கூப்பிடுவேன். இரண்டடி தள்ளித்தான் உட்கார்ந்திருப்பாள், இருந்தாலும் கூப்பிடுவேன். எழுந்து நின்று "உள்ளேன் டீச்சர்" என்பாள். விதி என்றால் விதி.

பள்ளி இருந்தது உசிலம்பட்டி சாலையில் ஒரு சின்ன ஊரில். வில்லாபுரத்தில் உள்ள என் வீட்டிலிருந்து இரண்டு பஸ் மாறிப் போக வேண்டும். ஊரில் பெரும்பாலும் விவசாயக் குடும்பங்கள்தான். ஆனால் பாதி வயலில் பிளாட் கல் ஊன்றி வருடக்கணக்காகிவிட்டது. நிலம் விற்றவர்கள் கடை வைத்தார்கள், கார் வாங்கி வாடகைக்கு ஓட்டினார்கள், பிள்ளைகளை ஆங்கில வழிப் பள்ளியில் போட்டார்கள். அதில் எனக்குக் குறை சொல்ல ஒன்றுமில்லை.

பள்ளி ஏன் காலியானது என்று கேட்டால் ஊரில் ஆளுக்கொரு காரணம் சொல்வார்கள். எனக்குத் தெரிந்த காரணம் மஞ்சளாக இருந்தது. காலை எட்டேகாலுக்கு முக்கில் வந்து நின்று ஹாரன் அடிக்கும் தனியார் பள்ளி வேன் அது. சித்திரை வெயிலில் நானும் சமையலக்காவும் நோட்டீஸ் கட்டோடு வீடு வீடாக ஏறி இறங்குவோம். இலவசச் சீருடை, இலவசப் புத்தகம், காலையிலும் மதியமும் சாப்பாடு என்று ஒப்பிப்பேன். ஒரு வீட்டில் மாட்டுக்கு வைக்கோல் போட்டுக்கொண்டிருந்த மனிதர் எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டுவிட்டு, என் மகன் எந்தப் பள்ளியில் படித்தான் என்று கேட்டார். என் மகன் வில்லாபுரத்தில் மஞ்சள் வேனில் ஏறிப் போய்த்தான் படித்தான். நான் நோட்டீஸை நீட்டினேன். அவரும் மரியாதைக்கு வாங்கி மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். தெருமுனை திரும்பியதும் சமையலக்கா, "அடுத்த வீட்டுல கேட்டா கல்யாணமே ஆகலன்னு சொல்லிருங்க டீச்சர்" என்றார்.

முன்பெல்லாம் இதைச் சமாளிக்க ஒரு வழி இருந்தது. பிள்ளை வேனில் போகும், பெயர் எங்கள் பதிவேட்டில் இருக்கும். பேர் கிடந்துவிட்டுப் போகட்டும் என்று பெற்றோரே பெருந்தன்மையாகச் சொல்வார்கள். அதிகாரி வருகிற அன்று எங்கள் சீருடையை மாட்டி அனுப்பி வைப்பார்கள். அந்தப் பிள்ளைகள் அதிகாரியைப் பார்த்ததும் ஒரே குரலில் ஆங்கிலத்தில் குட் மார்னிங் சொல்லும். அவரும் சிரித்துக்கொண்டே கையெழுத்துப் போட்டுவிட்டுப் போவார். எனக்கு முன்னால் இருந்தவர் அப்படித்தான் ஓட்டினார், நானும் இரண்டு மூன்று வருடம் ஓட்டினேன்.

பிறகு எல்லாம் கைபேசிக்குள் வந்தது. ஒரு பிள்ளைக்கு ஓர் எண், ஒரு பள்ளி. பழைய பள்ளி விடுவித்தால்தான் புதுப் பள்ளி சேர்க்க முடியும். விடுவிப்பது பெரிய வித்தையில்லை. தலைமையாசிரியர் பிள்ளையின் பெயரைத் திறந்து, போகிற காரணத்தைக் குறித்து, ஒரு பொத்தானை அழுத்த வேண்டும். பெயர் பொதுத் தொகுப்புக்குப் போய்விடும். காமன் பூல் என்போம். அங்கிருந்து புதுப் பள்ளிக்காரர்கள் எடுத்துக்கொள்வார்கள். இந்த ஏற்பாடு வந்த பிறகு எங்கள் இரவல் பிள்ளைகள் எல்லாரும் பெயரோடு போய்விட்டார்கள். போன கோடை விடுமுறைக்கு முன்னால் நான்கு பேர் மிச்சம். மூன்று பேர் ஐந்தாம் வகுப்பு முடித்துப் போனார்கள். நான்காம் வகுப்பிலிருந்து ஐந்துக்கு வந்த ஒருத்தி மட்டும் இருந்தாள்.

பள்ளி திறந்த முதல் நாளே அவளுடைய அம்மா வந்தாள். கணவன் இறந்து இரண்டு வருடமாகிறது. நடவு, களையெடுப்பு என்று கூலிக்குப் போய்க்கொண்டிருந்தாள். இப்போது டவுனில், செல்லூரில் ஒரு விசைத்தறிக் கூடத்தில் நூல் சுற்றும் வேலை கிடைத்திருக்கிறது, அங்கேயே ஓர் அறையும் பார்த்துவிட்டாள். இரண்டு தெரு தள்ளிக் கன்னியாஸ்திரிகள் நடத்தும் பள்ளி இருந்தது. ஐந்தாம் வகுப்பில் ஒரே ஓர் இடம் இருப்பதாகவும், மாதக் கடைசி வெள்ளிக்கிழமைக்குள் பிள்ளையின் பெயரைப் பழைய பள்ளியில் விடுவித்துவிட்டால் சேர்த்துக்கொள்வதாகவும் அங்கே சொல்லியிருந்தார்கள். இதையெல்லாம் சொல்லிவிட்டு, "காலைல விட்டுட்டு வேலைக்குப் போவேன், சாயங்காலம் கூட்டிட்டு வந்துருவேன். பிள்ள எங்கூடவே இருக்கும் டீச்சர்" என்றாள். அவளுக்கு வேண்டியிருந்தது அவ்வளவுதான்.

அந்த நிமிடமே செய்திருக்கலாம். கைபேசி மேசை மேல்தான் இருந்தது. ஆனால் ஜூலை முதல் வாரத்தில் மாணவர் எண்ணிக்கை எடுக்க வருவார்கள். ஒரு பெயராவது இருந்தால் இந்த வருடம் பள்ளி தப்பும், விஜயதசமிக்கு நாலு பேரைப் பிடித்துச் சேர்த்துவிடலாம் என்று மனக்கணக்குப் போட்டேன். சமையலக்காவும் எண்ணி முடிக்கிற வரைக்கும் பெயரை விட வேண்டாம் என்று ஏற்கெனவே சொல்லி வைத்திருந்தார். நான் அந்த அம்மாவிடம் சர்வர் வேலை செய்யவில்லை, நாளைக்கு வா என்றேன்.

"சரிங்க டீச்சர், நாளைக்கு வாரேன்" என்று போனாள்.

இது அரசுப் பள்ளியில் வேலை பார்க்கிறவர்களுக்கு மட்டும் கைகூடுகிற பொய். பத்து நாளில் ஆறு நாள் சர்வர் உண்மையிலேயே வேலை செய்யாது. வருகையைப் பதிவுசெய்ய நாங்கள் கைபேசியைத் தூக்கிக்கொண்டு மொட்டை மாடிக்கும் தண்ணீர்த் தொட்டி மேட்டுக்கும் ஏறுவதை ஊரே பார்த்திருக்கிறது. அதனால் மிச்ச நாலு நாளும் நம்பிவிடுவார்கள். அவளும் நம்பினாள். இரண்டாம் முறை வந்தபோது ரகசிய எண் பழைய தலைமையாசிரியரின் கைபேசிக்குப் போகிறது என்றேன். மூன்றாம் முறை அலுவலகத்தில் அனுமதி வாங்க வேண்டும் என்றேன். ஒவ்வொரு தடவையும் அன்றைய கூலி வேலையை விட்டுவிட்டுத்தான் வந்தாள். ஒவ்வொரு தடவையும் நாளைக்கு வாரேன் என்றுதான் போனாள்.

பள்ளி மேல் வைத்த பாசத்தால் இப்படிச் செய்தேன் என்று எழுதினால் படிக்க நன்றாக இருக்கும். உண்மை அதுவல்ல. என் மேசைக்குப் பின்னால் சுவரில், இதுவரை இருந்த தலைமையாசிரியர்களின் பெயர்களைப் பெயிண்டில் எழுதியிருந்தார்கள். கடைசிப் பெயர் என்னுடையது. அதற்குக் கீழே இன்னும் இரண்டு மூன்று பெயர் எழுத இடம் இருந்தது. ஓய்வு பெற எனக்கு இரண்டு வருடம் பாக்கி. அந்த வரிசை என் பெயரோடு முடிந்துபோவது எனக்குப் பிடிக்கவில்லை.

பிள்ளை மட்டும் தினமும் வந்தாள். ஒரு பிள்ளைக்கு ஒரு சின்னப் பாத்திரத்தில் உலை வைத்தார் அக்கா. நான் கரும்பலகையில் பின்னக் கணக்குப் போடுவேன். அவள் தவறாகச் செய்தால் திருத்த உடனே ஆள் இருந்தது, சரியாகச் செய்தால் பார்த்துப் பொறாமைப்படத்தான் ஆள் இல்லை. காலையில் பெயர் கூப்பிட்டு முடித்ததும், உட்காருவதற்கு முன்னால், "சர்வர் வந்துருச்சா டீச்சர்?" என்று கேட்பாள். இன்னும் வரவில்லை என்பேன். உட்கார்ந்து புத்தகத்தைத் திறப்பாள். செல்லூர்ப் பள்ளியில் சீருடை நீல நிறம் என்று ஒருநாள் அவளாகவே சொன்னாள்.

கடைசி வெள்ளிக்கிழமை காலையிலேயே அம்மா வந்துவிட்டாள். இன்றைக்குத் தவறினால் இடம் போய்விடும் என்று சொல்லிவிட்டு வராந்தாவில் உட்கார்ந்தாள். மதியச் சாப்பாட்டு மணி அடிக்கும் வரை எழுந்திருக்கவில்லை. அன்றைக்கு சர்வர் நன்றாக வேலை செய்தது. நான் கைபேசியில் நெட்டை அணைத்தேன். பிறகு வெளியே வந்து, அவள் பக்கத்தில் குனிந்து, திரையைக் காட்டினேன். வட்டம் சுற்றிக்கொண்டே இருந்தது. இரண்டு பேரும் அதைப் பார்த்துக்கொண்டிருந்தோம். அடுத்த வாரம் எப்படியும் முடித்துவிடலாம், மூன்று நாலு நாள் பொறுக்க மாட்டார்களா என்று சொல்லி அனுப்பினேன்.

பொறுக்கவில்லை. சனிக்கிழமை அவள் செல்லூருக்குப் போய்க் கேட்டபோது இடத்தை வேறு பிள்ளைக்குக் கொடுத்திருந்தார்கள். தறிக்கூடத்து வேலையும் இனிமேல் காத்திருக்காது. பிள்ளையை ஊரில் அதன் அத்தை வீட்டில் விட்டுவிட்டு அவள் மட்டும் போவதென்று முடிவாயிற்று. சனிக்கிழமை சாயங்காலம் வந்து ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் திரும்பிவிடுவாள். இதைச் சொல்ல வந்தவள் என் முகத்தைப் பார்த்து என்ன நினைத்தாளோ, "கம்ப்யூட்டர் பண்ணுன வேலைக்கு நீங்க என்ன செய்வீங்க டீச்சர்" என்று எனக்கு ஆறுதல் சொன்னாள். முப்பது வருட வேலையில் நான் அவ்வளவு வெட்கப்பட்டதில்லை. ஆனாலும் வாயைத் திறக்கவில்லை.

எண்ணிக்கை எடுக்க அதிகாரி வந்தார். எண்ண ரொம்ப நேரம் ஆகவில்லை. பிள்ளையிடம் ஆறாம் வாய்ப்பாடு கேட்டார், பிசகாமல் சொன்னாள், தட்டிக்கொடுத்தார். போகும்போது என்னிடம், ஒரு பிள்ளைக்காக ஒரு பள்ளியை நடத்த மாவட்டத்தில் ஒத்துக்கொள்ள மாட்டார்கள் என்று வருத்தமாகவே சொன்னார். பத்து நாளில் உத்தரவு வந்தது. பள்ளி தற்காலிகமாக மூடப்படுவதாக அதில் எழுதியிருந்தது. இந்தத் தற்காலிகம் எத்தனை வருடம் நீளும் என்று எங்கள் துறையில் யாரும் யாரையும் கேட்பதில்லை. எந்தப் பெயரைப் பிடித்து வைத்துப் பள்ளியைக் காப்பாற்றலாம் என்று நினைத்தேனோ, அந்தப் பெயரால் ஒன்றும் நடக்கவில்லை.

பீரோ, உலக உருண்டை, மணி, பெஞ்சுகள் எல்லாம் ஒரு லோடு ஆட்டோவில் மூன்று கிலோமீட்டர் தள்ளியுள்ள பள்ளிக்குப் போயின. சமையலக்காவுக்கு வேறு ஊரில் இடம் கிடைத்தது. சுவரில் எழுதிய பெயர்களை ஏற்ற முடியாதே, அவை அங்கேயே இருந்தன. கதவைப் பூட்டிச் சாவியை அலுவலகத்தில் ஒப்படைத்தேன். மாணவியையும் என்னையும் அந்த மூன்று கிலோமீட்டர் தள்ளியுள்ள பள்ளிக்கே மாற்றியிருந்தார்கள்.

திங்கள்கிழமை காலை அங்கே போனேன். பிள்ளையை விட்டுப் போக அம்மா தறிக்கூடத்தில் ஒருநாள் விடுப்புச் சொல்லிவிட்டு வந்திருந்தாள். அந்தப் பள்ளியின் தலைமையாசிரியர் என்னைவிட இளையவர், உட்காரச் சொல்லி டீ வரவழைத்தார். பிள்ளையின் பெயர் இன்னும் பழைய பள்ளியில்தான் நிற்கிறது, இப்போதே விடுவித்துவிட்டால் கையோடு சேர்த்துவிடலாம் என்றார். இங்கே நெட் பிரமாதமாக எடுக்கும் என்று வேறு சொன்னார்.

நான் கைபேசியைத் திறந்தேன். அம்மா என் நாற்காலிக்குப் பின்னால் வந்து நின்றாள். அந்தக் கடைசி வெள்ளிக்கிழமை இரண்டு பேரும் பார்த்த அதே திரை. பெயரைத் திறந்தேன், காரணம் என்ற இடத்தில் பள்ளி மூடல் என்பதைத் தேர்ந்தெடுத்தேன், பொத்தானை அழுத்தினேன். அவர் தன் கைபேசியில் எதையோ தட்டிவிட்டு, வந்துவிட்டது, சேர்த்தாயிற்று என்றார். மேசை மேல் டீயிலிருந்து ஆவி போய்க்கொண்டிருந்தது.

"முடிஞ்சுதா டீச்சர்?" என்றாள்.

முடிந்தது என்றேன். அவள் நகரவில்லை. என் கையிலிருந்த கைபேசியையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு என்னைப் பார்த்தாள்.

"இம்புட்டுத்தானா டீச்சர்?"

"இம்புட்டுத்தாம்மா" என்றேன்.

அவள் மகளின் சட்டைக் காலரைச் சரிசெய்து, கையைப் பிடித்து ஐந்தாம் வகுப்பு அறை வரை கூட்டிப்போனாள். எனக்கும் அந்த அறையைத்தான் ஒதுக்கியிருந்தார்கள். பதிவேட்டை எடுத்துக்கொண்டு அவர்களுக்குப் பின்னாலேயே நடந்தேன். அறையில் பிள்ளைகள் நிறைய இருந்தார்கள். பெயர்களைக் கூப்பிட ஆரம்பித்தேன். அவள் பெயர் கடைசியில், பேனாவால் புதிதாக எழுதியிருந்தது. அம்மா ஜன்னலுக்கு வெளியே நின்றிருந்தாள். கூப்பிட்டேன். "உள்ளேன் டீச்சர்" என்றாள் பிள்ளை. அதைக் கேட்டபிறகு அம்மா தனியாக பஸ்ஸுக்கு நடந்தாள்.