பொட்டு வைத்த டயர்

சென்ற வாரம் சேலத்தில் மகனுடைய காருக்கு டயர் மாற்றப் போயிருந்தோம். கடைக்காரர் ஏதோ ஒரு சின்னக் கருவியை வைத்துப் பார்த்துவிட்டு, "நாலையும் மாத்திடலாம் சார்" என்றார். கழற்றிப் போட்ட டயருக்குள் என் கை தானாகப் போய்விட்டது. வெயிலில் கிடந்த ரப்பரும் பழைய தண்ணீரும் கலந்த அந்த வாசனை! "அப்பா, எல்லாரும் பாக்கறாங்க" என்று மகன் பல்லைக் கடித்தான். பார்க்கட்டுமே. இந்தக் கைக்கு ஒரு காலத்தில் எவ்வளவு மரியாதை தெரியுமா உங்களுக்கு?

புதுச்சத்திரம் பக்கம், நெடுஞ்சாலை ஓரத்தில், தேய்ந்த லாரி டயருக்குப் புது ரப்பர் ஒட்டிக் கொடுக்கும் பட்டறையில் எனக்கு வேலை. வருகிற டயரை விரித்து, உள்ளே பல்பை விட்டு, கையால் தடவிப் பார்ப்பேன். நூல் அறுந்திருக்கிறதா, பக்கவாட்டில் வெடிப்பா, எங்காவது உப்பலா என்று தேட வேண்டும். தேறினால் வெள்ளைச் சாக்கட்டியில் ஒரு டிக். தேறாவிட்டால் சிவப்பில் பெருக்கல் குறி. நான் பெண் பார்க்கப் போன இடத்தில் வருங்கால மாமனார் பலகாரத் தட்டை நகர்த்திவிட்டு, "அப்படியே நம்ம லாரி டயரையும் ஒரு பார்வை பாத்துருங்க மாப்ள" என்றார். டயர் தேறவில்லை. ஆனாலும் பெண்ணைக் கொடுத்தார், நல்ல மனுஷன்.

எல்லா லாரிக்காரர்களும் அப்படி இல்லை. சிவப்புக் குறியை மண்ணெண்ணெய் போட்டுத் துடைத்து, கறுப்புப் பாலிஷ் பூசி, கழித்துப் போட்ட டயரையே மறுபடி உருட்டி வருவார்கள். அதில் சூரர் குப்புசாமி அண்ணன். ஒற்றை லாரிக்கு முதலாளி. அது கஞ்சத்தனமா, டயர் மேல் பாசமா என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை.

ஒருநாள் அவருடைய டிரைவர் செல்லமுத்து டயரை உருட்டிக்கொண்டு முதலில் வந்தார். என் காதோரம் குனிந்தார்.

"சாமி, போன வாரம் நீங்க கழிச்சுப் போட்ட அதே டயருதானுங்க. இதப் போட்டுக்கிட்டு லோடோட தொப்பூர் மலை எறக்கத்துல எறங்கச் சொல்றாருங்க. எனக்கு ரெண்டு பொட்டப் புள்ளைங்க இருக்குதுங்க."

அதற்குள் முதலாளி வந்துவிட்டார். செல்லமுத்து உடனே நிமிர்ந்து, "அருமையான டயருங்க! இன்னும் நாலு வருசம் ஓடுமுங்க!" என்று முழங்கினார். நடிப்பென்றால் அப்படி ஒரு நடிப்பு.

டயரைத் திருப்பினேன். அட கெரகமே! வெடிப்பு இருந்த இடத்தின் மேலேயே மூன்று பட்டைத் திருநீறு, சந்தனம், குங்குமம்.

"வெள்ளிக்கெழம பூசை போட்டனுங்க தம்பி. பொட்டு மேல மட்டும் கைய வெச்சுப்போடாதீங்க" என்றார் அண்ணன், குரலில் பக்தி சொட்ட.

சாமி பொட்டை அழிக்க எங்கள் ஊரில் எவனுக்குக் கை வரும்? பட்டறையே வேலையை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தது. செல்லமுத்துவின் முகம் செத்துவிட்டது. எனக்கும் பயம்தான். ஒரு பக்கம் சாமி, இன்னொரு பக்கம் அந்த இரண்டு குழந்தைகள்.

செருப்பைக் கழற்றினேன். டயரைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டேன்.

"அண்ணா, புது ரப்பர் ஒட்டறதுக்கு முன்னாடி பழச மெஷின்ல வெச்சு உரசி எடுக்கணுமுங்க. பூசை போட்டத உரசுனா உங்க குடும்பத்துக்கில்லீங்க பாவம்? ஊட்டுலயே வெச்சுக் கும்புடுங்க."

அண்ணன் குரலில் இருந்த பக்தி சட்டென்று இறங்கியது. "அது... சும்மா சின்னப் பூசைதானுங்க."

"சாமியில சின்னது பெருசு உண்டுங்களா முதலாளி?" என்று செல்லமுத்து கேட்டாரே பார்க்கணும்! உரசுகிற மெஷின்காரர் சிரிப்பை அடக்க முடியாமல் கொல்லைப்பக்கம் ஓடினார். தான் வைத்த பொட்டைத் தானே அழிக்கவும் மாட்டாமல், அண்ணன் டயரைத் தன் கையாலேயே உருட்டிக்கொண்டு போனார். லாரிக்கு வேறு டயர் வந்தது. பூசை டயர் அவர் வீட்டு வேப்பமரத்தடியில் வெள்ளிதோறும் சூடம் வாங்கிக்கொண்டதாகக் கேள்வி. ஊருக்கு முன்னால் அவருக்கும் வேறு வழியில்லையே.

அந்தப் பட்டறை இருந்த இடத்தில் இப்போது பிரியாணிக் கடை. டயரைப் படமெடுத்துப் பார்க்க மெஷின் வந்துவிட்டதாம், யாரும் யாரிடமும் கெஞ்ச வேண்டியதில்லை. குப்புசாமி அண்ணன் போய்ப் பல வருஷமாகிறது. போன தை மாதம் செல்லமுத்துவும் போய்விட்டார். துக்கம் கேட்கப் போன நான் வாசலிலேயே உடைந்து அழுதேன். அவர் மனைவிதான் என்னைத் தேற்றினார்.

"அழுவாதீங்க. பேரன் பேத்தி எடுத்து, ஊட்டுக் கட்டில்ல படுத்து, தூக்கத்துலயே போனாருங்க. லாரிக்காரன் பொண்டாட்டி எத்தன பேருக்குங்க இது கெடைக்கும்?"