பனியடிமையின் லைஃப் ஜாக்கெட்

பொழியூர் கடற்கரையில் பத்து வருஷமாக லைஃப் ஜாக்கெட் இல்லாமல் மீனவர் பனியடிமை வள்ளம் ஏறியதே இல்லை. கேலிக்குக் கேட்கவா வேண்டும்! "பேடிப்பயலே, மாதாவுமேல அம்புட்டுதான் விசுவாசமாலே?" என்பார் சக மீனவர் லூயிஸ். பனியடிமை நெற்றியில் சிலுவை போட்டுக்கொள்வார். பிறகு ஜாக்கெட்டின் வாரை இன்னும் இறுக்குவார்.

அன்று காலை கரைக்குப் பக்கத்திலேயே பேரலை அடித்து லூயிசின் வள்ளம் கவிழ்ந்தது. கரையில் நின்றவர்களெல்லாம் "மாதாவே!" என்று அலறினார்கள். அப்போதுதான் கரையேறிய பனியடிமை, அவிழ்க்கப்போன வாரைத் திரும்ப இறுக்கிக்கொண்டு ஓடிப் பாய்ந்தார்! அலை இரண்டு தடவை தூக்கி எறிந்தது. மூன்றாவது தடவை லூயிசின் தலைமுடி கையில் சிக்கிவிட்டது.

மணலில் கிடந்து மூச்சு வாங்கினார் லூயிஸ். "உன்னப் போய் பேடின்னு சொன்னேனேலே!"

பனியடிமை ஜாக்கெட்டைத் தட்டிக் காட்டினார். "எலே, பயந்தா இத இட்டேன்? மாதா என்னைக்காவது குதின்னு சொன்னா, யோசிக்காம குதிக்கதுக்காக்கும்!"