சத்திரத்துக்காரன் கேட்ட கேள்வி

புதுக்கோட்டை ஆபீஸில் இருந்து கீரமங்கலத்துக்கு பஸ் ஏறும்போது எனக்கு யாரோடும் பேசத் தெம்பிருப்பதில்லை. உட்கார இடம் கிடைத்தால் போனில் ஒரு பழைய விளையாட்டைத் திறந்துகொள்வேன். கட்டம் கட்டமாக ஒரு உருவம், ஒரு ஊர், ஒரு குகை, குகைக்குள் ஒரு பூதம். மூளைக்கு வேலையே இல்லை. அதுதான் அதன் சிறப்பு.

நான் ஐந்தாவது படிக்கும்போது, சிங்கப்பூரில் இருந்து லீவில் வந்த மாமா இதை ஒரு கையடக்கக் கருவியில் கொண்டுவந்தார். நடக்க அம்புக்குறி, மற்றதற்கெல்லாம் இரண்டே பொத்தான். விளையாட்டில் வருகிறவளுக்குப் பெயர் வைக்க ஆங்கிலத்தில் நான்கு எழுத்துக்குத்தான் இடமிருந்தது. என் பெயர் அதில் அடங்கவில்லை. சண்டைக்குத் தன் அக்காதான், அதாவது என் அம்மாதான், லாயக்கு என்று மாமா ஏ, எம், எம், ஏ என்று அடித்துவிட்டார்.

வழியில் பூச்சிகள் கடிக்கக் கடிக்க அவளுடைய உயிர்க்கோடு குறையும். ஊருக்குள் ஒரு சத்திரம் உண்டு. காசு கொடுத்துப் படுத்தால் திரை இருண்டு, மெல்லிய இசை வந்து, பொழுது விடியும். கோடு மறுபடி நிறைந்திருக்கும்.

அம்மா இருட்டோடு எழுந்து மல்லிகை பறிக்கப் போவார். வந்து சமையல், அப்புறம் மாடு, அப்புறம் மறுபடி சமையல். பகலில் அவர் படுத்து நான் பார்த்ததில்லை. எங்கள் பக்கம் ஒரு பெண் பகலில் தலை சாய்த்தால், தெருவில் போகிறவர்கள்கூட எட்டிப்பார்த்து, உடம்புக்கு முடியலையா என்று கேட்பார்கள். ஆமாம் என்றால் ஊசிதான். இல்லை என்றால் எழுந்துவிட வேண்டியதுதான்.

ஒருநாள் சாயங்காலம் பக்கத்தில் பூக் கட்டிக்கொண்டிருந்தவர், திரையைப் பார்த்துவிட்டு, “இந்த ஆளு என்ன சொல்றான்?” என்றார்.

“சத்திரத்துக்காரன்மா. நல்லாத் தூங்குனீங்களான்னு கேக்குறான்.”

அம்மா பூவைக் கீழே வைத்துவிட்டு, எந்தப் பொத்தானை அமுக்க வேண்டும் என்று கேட்டார்.

மாமா ஞாயிற்றுக்கிழமை கிளம்புகிறார், கருவியும் அவரோடு போய்விடும். அதற்குள் பூதத்தைக் கொன்றாக வேண்டும், அதற்கு வாள் வேண்டும். வாரம் முழுக்கப் பூச்சி அடித்து வாளுக்குக் காசு சேர்த்திருந்தேன். வெள்ளிக்கிழமை பள்ளிக்கூடம் விட்டு வந்து பார்த்தால் பை காலி. அவள் உயிர்க்கோடு நிறைந்து, சத்திரத்து வாசலில் தெம்பாக நின்றாள். அம்மா மத்தியானம் கொஞ்ச நேரம் விளையாடியதாகவும், படுப்பதும் எழுவதும் தவிர வேறொன்றும் செய்யவில்லை என்றும் மாமா சிரித்துக்கொண்டே சொன்னார்.

அழுது வீட்டை இரண்டாக்கினேன். “உசுருதான் ஃபுல்லா இருந்துச்சுல்ல? அப்பறம் எதுக்குப் படுக்க வச்ச?”

அம்மா என் பக்கம் திரும்பினார். “முடியாமப் போனாத்தான் படுக்கணுமாடி?”

“ஆமா. இல்லைன்னா வேஸ்ட்டு.”

அவர் மாட்டுக்குத் தண்ணீர் காட்டப் போய்விட்டார். மாமாவும் ஞாயிற்றுக்கிழமை போய்விட்டார். பூதம் பிழைத்துக்கொண்டது.

இந்தப் போனிலும் அது உயிரோடுதான் இருக்கிறது. வாளுக்குச் சேர்ப்பதையெல்லாம் நான் சத்திரத்திலேயே கொடுத்துவிடுகிறேன். நல்லாத் தூங்குனீங்களா என்று அம்மாவிடம் கேட்ட ஒரே ஆள் அந்தச் சத்திரத்துக்காரன்தான் என்பது அன்று எனக்குத் தெரியவில்லை. தெரிந்திருந்தாலும் வாளை விட்டுக்கொடுத்திருப்பேனா என்பது சந்தேகம்தான். எனக்கு அப்போது தூக்கத்துக்குப் பஞ்சமே இருந்ததில்லை.