இருந்தவருக்கு வாங்கிய மாலை

லட்சுமணசாமிக்கு ஐம்பத்தெட்டு வயது. சூலூரில் பம்ப் உதிரிபாகங்களைக் கடைந்து கொடுக்கிற லேத் பட்டறை வைத்திருக்கிறார். குடி கிடையாது, சீட்டு கிடையாது. கூரையை மடித்துவிட்டு ஓட்டுகிற பழைய கார்கள்தான் அவருடைய ஒரே கிறுக்கு. பட்டறைக்குப் பின்னால் தகரக் கொட்டகையில் அப்படி மூன்று கார்கள் நிற்கின்றன. ஞாயிறு காலையில் ஒன்றை எடுத்துக்கொண்டு பல்லடம் ரோட்டில் டீ குடிக்கப் போவார். ஆட்கள் திரும்பிப் பார்ப்பார்கள். அதில் அவருக்கு ஒரு சுகம்.

அந்தக் கார்களை எப்படி வாங்கினார் என்பதை மட்டும் யாரிடமும் விவரமாகச் சொன்னதில்லை. இந்த வகைக் கார் கடையில் கிடைக்காது. வைத்திருப்பவர்கள் கிழவர்கள், உயிர் உள்ளவரை கொடுக்க மாட்டார்கள். அதனால் தினமும் பேப்பர் வந்ததும் மரண அறிவிப்புகளைத்தான் முதலில் படிப்பார். மற்ற ஆசைக்காரர்கள் கருமாதி முடியட்டும் என்று காத்திருக்கும்போது இவர் மூன்றாம் நாளே ரோஜா மாலையோடு போய்விடுவார். பத்து நிமிடம் தலை குனிந்து உட்கார்ந்திருப்பார். பிறகுதான் பேச்சைத் தொடங்குவார். போத்தனூரில் ஒரு அம்மாவுக்கு ஆர்.சி. மாற்றும் பாரத்தில் கையெழுத்துப் போட முடியாமல் விரல் நடுங்கியது. காகிதம் நகராமல் இவர்தான் அழுத்திப் பிடித்துக்கொண்டார். அதை ஒரு உதவி என்றே நினைத்திருந்தார்.

போன ஆவணியில் ஒரு புதன்கிழமை பேப்பரில் 'ஆர். சீனிவாசலு, பல்லடம், வயது 84, காலமானார்' என்று இரண்டு வரி வந்திருந்தது. படம் இல்லை. லட்சுமணசாமி காபியைத் தள்ளி வைத்தார். பல்லடத்துப் பழைய ஜின்னிங் ஃபேக்டரி சீனிவாசலுவிடம் ஐம்பத்து நாலாம் வருட மோரிஸ் மைனர் இருந்தது, கூரை மடக்குகிற வண்டி. ஆறு வருடத்தில் நான்கு முறை கேட்டும் அவர் கொடுக்கவில்லை.

வெள்ளிக்கிழமை காலையில் மாலையோடு போய் இறங்கினார். வாசலில் பந்தல் இல்லை, செருப்புக் கூட்டமும் இல்லை. எல்லோரும் வந்துபோய்விட்டார்கள் போல என்று எண்ணிக்கொண்டார். பக்கத்துக் கொட்டகை திறந்திருந்தது. கால் வீட்டுப் பக்கம் போகவில்லை, கொட்டகைப் பக்கம்தான் போனது. மாலையைக் காரின் பானெட் மேல் வைத்தார். பையிலிருந்து சின்னக் காந்தத்தை எடுத்துக் கதவு, மட்கார்டு என்று ஒவ்வொரு இடமாக ஒட்டிப் பார்த்தார். காந்தம் ஒட்டாவிட்டால் அங்கே தகரம் போய்விட்டது, பட்டி பூசி மறைத்திருக்கிறார்கள் என்று அர்த்தம். எல்லா இடத்திலும் ஒட்டியது. சட்டை அழுக்காவதைப் பார்க்காமல் அடியில் படுத்து, துரு தெரிகிறதா என்று சேஸிஸைச் சாவியால் சுரண்டினார்.

"ஏனுங்க, ஆயுத பூசைக்கு இன்னும் நாளிருக்குதுங்களே. அதுக்குள்ள காருக்கு மாலை போட்டுப்போட்டீங்க?"

சீனிவாசலுவைப் பார்த்துக்கொள்ளும் நர்ஸம்மா சித்திகா, துவைத்த படுக்கை விரிப்புகளோடு நின்றுகொண்டிருந்தாள். உக்கடத்திலிருந்து பஸ் ஏறி வந்துபோகிறவள். லட்சுமணசாமி ஊர்ந்து வெளியே வந்தார்.

"இல்லீங்க... அய்யாவுக்கு... பேப்பர்ல பாத்தேனுங்க."

"எந்த அய்யாவுக்கு? எங்கய்யா இப்பத்தான் கஞ்சி குடிச்சுப்போட்டு உக்காந்திருக்காருங்க."

ஓடிவிடலாம் என்றுதான் முதலில் தோன்றியது. அதற்குள் ஜன்னலிலிருந்து குரல் வந்தது. "யாரு அம்மணி?"

"சூலூர் கார்க்காரருங்க. உங்களுக்கு மாலை கொண்டாந்திருக்காருங்க."

சீனிவாசலு கட்டிலில் தலையணையில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். பக்கவாதத்தில் இடது கை விழுந்துவிட்டது, பேச்சு விழவில்லை.

"வா கண்ணு. செத்தது என்ற சித்தப்பன் மவன். எங்க தாத்தன், அப்பாரு பேரை ஊட்டுக்கு ஊடு வெச்சதுல நாங்க நாலு சீனிவாசலு. ரெண்டு நாளா எட்டுப் போனு. எட்டுப் பேரும் துக்கம் கேட்டாங்க. நீ ஒருத்தன்தான் கார்க் கொட்டாய்க்குப் போனவன்."

"தப்பா நெனைச்சுக்காதீங்கய்யா..."

"நெனைக்கறதுக்கு என்ன இருக்குது, அதான் ஜன்னல்லயே தெரிஞ்சுதே. சரி, நான் செத்துட்டேன்னு வெச்சுக்க. என்ற மருமவகிட்ட என்ன சொல்றதா இருந்தே? அதைச் சொல்லு, கேப்போம்."

லட்சுமணசாமி நாற்காலியில் உட்கார்ந்து சட்டை மண்ணைத் தட்டினார்.

"சொல்லு கண்ணு. என்னைத் தவிர எல்லாரும் கேக்கப் போறது. நானும் கேட்டுப்போட்டுப் போறேன்."

சித்திகா விரிப்பை மடித்தபடியே நின்றாள், நகரவில்லை. லட்சுமணசாமி தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னார். மூன்று வீடுகளில் சொன்ன அதே வார்த்தைகள். "இதை வெச்சிருந்தா எலிதாங்க கூடு கட்டும். எடத்தை வேற அடைக்குது. அய்யா ஞாபகமா நானே எடுத்து, நல்லபடியாப் பாத்துக்கறேனுங்க. ஒண்ணரை ரூவா தாரேன்."

"ஒண்ணரை லட்சம்! போன வருசம் என்கிட்ட ஏழு சொன்னயே. செத்ததுல அஞ்சரை கொறஞ்சுபோச்சா?"

சித்திகா சிரித்துவிட்டு வாயைப் பொத்திக்கொண்டாள். வாய்விட்டுச் சொன்னபோதுதான் அது எப்படிப்பட்ட பேச்சு என்று லட்சுமணசாமிக்கே கேட்டது. போத்தனூரில் காகிதத்தை அழுத்திப் பிடித்திருந்த தன் விரல்கள் கண்முன் வந்தன. எழுந்து, ஒன்றும் சொல்லாமல் வாசலுக்கு நடந்தார். இழவு வீட்டில் போயிட்டு வாரேன் என்று சொல்லக் கூடாது. அந்தப் பழக்கம்.

"சொல்லிட்டுப் போ. நான் இன்னும் இருக்கறேன்."

"போயிட்டு வாரேனுங்க."

"மாலையை எடுத்துட்டுப் போ. வாங்குன மாலை வீணாக வேண்டாம். நாலாவது சந்துல பச்சை கேட். அங்க போயி உக்காந்துட்டு வா. அதுக்கப்புறம் காரு வேணும்னா வந்து கேளு, வெலை சொல்றேன்."

விலை சொல்கிறேன் என்று அவர் சொன்னது இதுதான் முதல் முறை. லட்சுமணசாமி பச்சை கேட் வீட்டுக்குப் போனார். செத்தவர் மில்லில் ஃபிட்டராக இருந்தவர், சின்ன வீடு. மாலையைப் படத்துக்குப் போட்டுவிட்டுப் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்தார். பின்னால் இரண்டு பேர் குரலைத் தாழ்த்தாமலே பேசினார்கள்.

"அட, சூலூர் கார்க்காரர் வந்துட்டாரப்பா."

"இந்த ஊட்ல மொபெட்டுதானே நிக்குது? அதுக்கு மேல்கூரையே கெடையாதே."

சிரிப்பை அடக்கும் சத்தம் கேட்டது. ஆக, இந்த ஊர் வரைக்கும் அவர் பெயர் வந்திருக்கிறது. செத்தவரின் மனைவி வந்து எதிரில் உட்கார்ந்தார். "உங்களுக்கு அவர் எப்படிங்க பழக்கம்?" என்று கேட்டார். கேலி இல்லை, உண்மையாகத்தான் கேட்டார். லட்சுமணசாமி படத்தின் பக்கம் திரும்பிக்கொண்டார். அந்த அம்மாவே தண்ணீர் கொண்டுவரச் சொன்னார். லட்சுமணசாமி ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்தார். எழுந்து போனால் இன்னும் சிரிப்பார்கள் என்பதும் ஒரு காரணம்.

அவர் காரைக் கேட்கப் போகவில்லை. நேராக ஊருக்கு வந்து, சாயங்காலம் போன் செய்தார். சித்திகாதான் எடுத்தாள்.

"அய்யாகிட்ட சொல்லிருங்கம்மா. அந்த ஊட்டுக்குப் போயிட்டுத்தான் வந்தேன். காரு எனக்கு வேண்டாமுங்க."

"வேண்டவே வேண்டாமுங்களா?"

"அய்யா இருக்கற வரைக்கும் அந்தப் பேச்சையே எடுக்க மாட்டேன்னு சொல்லுங்க."



"இதை அப்படியே சொல்லட்டுங்களா?" என்றாள் சித்திகா.

'இருக்கற வரைக்கும்' என்று சொன்னது அப்போதுதான் லட்சுமணசாமிக்கு உறைத்தது. போனைக் காதிலேயே வைத்துக்கொண்டு நின்றார். அய்யாவைத் திருப்பிப் படுக்க வைக்கிற நேரமாகிவிட்டது என்று சொல்லி அவள் போனை வைத்துவிட்டாள்.